கிழித்தெடுத்த பின்குறிப்பு

சென்ற ஆண்டு இறுதியில் எங்கள் வாசிப்புக் குழுவில் ஜோசப் கான்ராட்டின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' பற்றிப் பேச எனக்கு இருபது நிமிடம் கொடுத்தார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். தேடல் நாவல் என்ற வடிவத்தை எடுத்து, அதைக் கட்டுடைப்பு முறையில் படித்துக் காட்டுவதுதான் திட்டம். ஒரு நாயகன், ஒரு ஆறு, வழியில் தடைகள், முடிவில் தேடியவன் கிடைக்க வேண்டும். ஆனால் கான்ராட் அந்த முடிவிடத்தைக் காலியாக வைத்துவிட்டார். மையம் என்று ஒன்றில்லை, அர்த்தம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று முடித்தேன். கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தேநீர் நேரத்தில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குழுவில் அவரை எல்லாருமே 'சார்' என்றுதான் கூப்பிடுவோம்.

"நல்லா பேசுனீங்க தம்பி. ஒரு சந்தேகம். அர்த்தம் கடைசிவரைக்கும் கிடைக்காதுன்னு சொன்னீங்க. அந்தக் காங்கோவுல ஆளுங்க கையை வெட்டுனாங்களே, அதுக்கும் அர்த்தம் கிடைக்காதா?"

"அது இந்த நாவல்ல வரல சார்."

"அதத்தான் கேக்குறேன்" என்றார். கறிபாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகவே தூங்கினேன். ஆனால் அடுத்த சில மாதங்கள் நாவலை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த வரலாற்றைப் படித்தேன். இந்தக் கட்டுரை சாருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

நாவலைப் படிக்காதவர்களுக்குக் கதை சுருக்கமாக. தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்ட ஒரு படகில் ஐந்து பேர் அலை திரும்பக் காத்திருக்கிறார்கள். அவர்களில் மார்லோ என்ற மாலுமி பேச ஆரம்பிக்கிறான். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய ஆற்றில் நீராவிப் படகு ஓட்டப் போனவன் அவன். ஆற்றின் உள்கோடியில் கர்ட்ஸ் என்ற ஏஜெண்ட் இருக்கிறான். மற்ற எல்லா நிலையங்களும் சேர்த்து அனுப்பும் அளவு யானைத் தந்தத்தை அவன் ஒருவனே அனுப்புகிறான். வழிநெடுக எல்லாரும் கர்ட்ஸைப் பற்றியே பேசுகிறார்கள். அவன் மேதை, ஓவியன், கவிஞன், நாகரிகத்தின் தூதன். மார்லோ போய்ச் சேரும்போது அவன் வீட்டைச் சுற்றிக் கம்பங்களில் மனிதத் தலைகள். கர்ட்ஸ் நோயில் கிடக்கிறான். திரும்பும் வழியில் படகிலேயே இறந்துபோகிறான். பிறகு ஐரோப்பாவில், அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், அவன் கடைசியாகச் சொன்ன சொல் என்ன என்று கேட்கிறாள். உன் பெயர்தான் என்று மார்லோ பொய் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. 1899இல் பிளாக்வுட்ஸ் பத்திரிகையில் மூன்று பகுதிகளாக வந்தது. புத்தகத்தில் சேர்ந்தது 1902இல்.

இதில் பெரும்பகுதி கான்ராட்டுக்கே நடந்தது. கான்ராட் என்பது ஆங்கிலேயர்களுக்காகச் சுருக்கிக்கொண்ட பெயர். 1857இல் இன்றைய உக்ரேனில், அப்போதைய ரஷ்யப் பேரரசின் கீழ், ஒரு போலிஷ் குடும்பத்தில் பிறந்த கொர்ஸெனியோவ்ஸ்கி அவர். நம் பக்கத்துக் கடல் அவருக்கு நன்றாகத் தெரியும். 1887, 88இல் சிங்கப்பூரிலிருந்து போர்னியோவின் பெராவ் ஆற்றுக்குப் போய்வந்த 'விடார்' கப்பலில் வேலை செய்தார். அந்தப் பயணங்களில் விளைந்ததுதான் முதல் நாவலான 'ஆல்மெயர்ஸ் ஃபாலி'. 1890இல் காங்கோவுக்குப் போனபோது அதன் முடியாத கையெழுத்துப்படி அவர் பெட்டிக்குள் இருந்தது. ஆப்பிரிக்க ஆற்றில் போய்க்கொண்டிருந்தவரின் பெட்டியில் மலாய் உலகத்து ஆறு ஒன்று கிடந்திருக்கிறது. இதை நான் அன்று பேச்சில் சொல்ல மறந்துவிட்டேன்.

ஜூன் 1890இல் மத்தாடி போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் ஆற்றில் அருவிகள், கப்பல் போகாது. கின்ஷாசா வரைக்கும் சுமை தூக்குபவர்களோடு நடந்தார். அங்கிருந்து 'ருவா தெ பெல்ஜ்' என்ற சின்ன நீராவிப் படகில் ஸ்டான்லி அருவி வரை போனார். அங்கே நோயில் கிடந்த ஜார்ஜ் அந்துவான் கிளைன் என்ற ஏஜெண்டை ஏற்றிக்கொண்டார்கள். கிளைன் வழியில் இறந்தார். நாவலின் கையெழுத்துப்படியில் கர்ட்ஸின் பெயர் முதலில் கிளைன் என்றே இருந்திருக்கிறது. ஜெர்மனில் 'கிளைன்' என்றால் சிறியது, 'கர்ட்ஸ்' என்றால் குட்டை. ஆளோ ஏழடி நீளம் இருப்பதுபோல் தெரிகிறான், பெயர் மட்டும் குட்டை என்று மார்லோவே கிண்டல் செய்கிறான். பெயரும் ஆளும் பொருந்தவில்லை என்று நாவலே சொல்லிவிடுகிறது. கட்டுடைப்பாளர்களுக்கு வேலை மிச்சம்.

இங்கே ஒரு பொறியாளனாக ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. இந்த நாவலில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ரிவெட். மார்லோ போய்ச் சேரும்போது அவன் ஓட்ட வேண்டிய படகு அடி கிழிந்து மூழ்கிக் கிடக்கிறது. இழுத்துக் கரையில் போட்டுப் பழுது பார்க்க வேண்டும். தகடு இருக்கிறது, ஆள் இருக்கிறது, ரிவெட் இல்லை. கடற்கரை நிலையத்தில் பெட்டி பெட்டியாக ரிவெட் சிதறிக் கிடந்ததை அவனே பார்த்துவிட்டு வந்திருக்கிறான். நடந்தால் காலில் இடறும். ஆனால் தேவைப்படும் இடத்துக்கு ஒன்றுகூட வருவதில்லை. மணியும் மலிவுத் துணியும் மட்டும் தவறாமல் வருகின்றன. வரும் வரும் என்று ஒருநாள் கொதிகலன் ஆளும் மார்லோவும் டெக்கில் ஆடிக்கூடப் பார்க்கிறார்கள். ரிவெட்டுக்குப் பதிலாக வந்து இறங்குவது கொள்ளையடிக்க வந்த ஒரு கூட்டம். தெரிதா சொன்ன ஒத்திப்போடல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் தத்துவம் பேச மாட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருந்த எவனுக்கும் அது தெரியும்.

ழாக் தெரிதா 1930இல் அல்ஜீரியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1942இல், விஷி அரசின் யூத எதிர்ப்புச் சட்டங்களால், பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1966 அக்டோபரில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் பேசினார். எந்த அமைப்பையும் ஒரு மையம் தாங்கிப் பிடிப்பதாக நாம் நம்புகிறோம். ஆனால் அந்த மையம் அமைப்பின் விதிகளுக்குத் தன்னை உட்படுத்திக்கொள்வதில்லை. ஆகவே அது உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது என்றார். அமைப்பியலைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில் அமைப்பியலின் அடிக்கல்லை ஆட்டிவிட்டார். அடுத்த ஆண்டே மூன்று புத்தகங்கள். தமிழில் இந்தப் பேச்சுக்கெல்லாம் வாசல் திறந்தவற்றில் ஒன்று தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' (1982). அதற்குப் பிறகு வந்த கட்டுரைகளில் பாதி எனக்குப் புரியவில்லை, மீதிப் பாதி எழுதியவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

தேடல் நாவலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தேடல் என்றாலே மையம் வேண்டும். புனிதக் கிண்ணம், புதையல், தந்தை, குரு ஏதாவது ஒன்று. கர்ட்ஸ் அப்படி ஒரு மையம். ஆனால் அவனை நாம் நேரில் பார்ப்பது கடைசியில், கொஞ்ச நேரம். அதற்கு முன்னால் எல்லாமே பிறர் சொன்னது. மார்லோவே ஒரு கட்டத்தில், கர்ட்ஸ் எதையாவது செய்வதாகத் தன்னால் கற்பனை செய்ய முடியவில்லை, பேசுவதாக மட்டுமே முடிகிறது என்கிறான். அந்த மார்லோவின் பேச்சையும் நாம் நேராகக் கேட்பதில்லை. படகில் இருந்த பெயரில்லாத ஒருவர் கேட்டு நமக்குச் சொல்கிறார். குரலுக்குப் பின்னால் குரல். ஒளி, இருள் என்ற எதிர்நிலையையும் நாவல் முதல் பக்கங்களிலேயே ஆட்டிவிடுகிறது. லண்டனும் ஒரு காலத்தில் ரோமானியர்களுக்கு இருண்ட இடமாகத்தான் இருந்தது என்றுதான் மார்லோ பேச்சையே தொடங்குகிறான்.

இன்னொரு இடம். ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் மார்லோவுக்கு மாலுமிகளுக்கான ஒரு பழைய கையேடு கிடைக்கிறது. ஓரங்களில் பென்சிலால் ஏதேதோ குறிப்புகள், புரியாத எழுத்தில். யாரோ இந்தக் காட்டுக்குள் உட்கார்ந்து சங்கேத மொழியில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று வியக்கிறான். பிறகு தெரியவருகிறது, அது வெறும் ரஷ்ய மொழி. கர்ட்ஸோடு இருந்த ஒரு ரஷ்ய இளைஞன் எழுதியது. தனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தை மர்மம் என்று எடுத்துக்கொண்டான் மார்லோ. ரஷ்ய ஆட்சியில் பிறந்த கான்ராட் இதைத் தெரியாமல் எழுதியிருக்க வாய்ப்பே இல்லை. ஆப்பிரிக்காவையே மர்மம், புதிர், விளங்காதது என்று நாவல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் மார்லோவின் மேல், ஓரக்குறிப்பு வழியாக வைக்கப்பட்ட ஒரு குத்து இது என்று நான் நினைக்கிறேன். அவனுக்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான்.

இவை வரை அன்று குழுவில் பேசியவை. பேசாமல் விட்டது ஒரு காகிதத்தைப் பற்றி.

கர்ட்ஸ் ஒரு அறிக்கை எழுதியிருக்கிறான். காட்டுமிராண்டிப் பழக்கங்களை ஒழிப்பதற்கான ஒரு சர்வதேசச் சங்கத்துக்காக, நெருக்கமான எழுத்தில் பதினேழு பக்கம். கருணை, கடமை, நாகரிகம் என்று பொங்கி வழியும் மொழி. கடைசிப் பக்கத்தின் அடியில், வெகுநாள் கழித்து நடுங்கும் கையால் கிறுக்கிய ஒரே ஒரு வரி. அந்த மக்கள் அத்தனை பேரையும் அழித்துவிடச் சொல்லும் வரி. கர்ட்ஸ் அதை எழுதியதையே மறந்துவிட்டான். என் அறிக்கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று மார்லோவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறான். மார்லோ ஐரோப்பா திரும்பியதும் கம்பெனி ஆள் ஒருவன் கர்ட்ஸின் காகிதங்களைக் கேட்டு வருகிறான். மார்லோ அந்த அறிக்கையைக் கொடுக்கிறான், பின்குறிப்பைக் கிழித்துவிட்டு. கம்பெனிக்காரன் புரட்டிப் பார்த்து, நாங்கள் எதிர்பார்த்தது இதல்ல என்று முகம் சுளிக்கிறான். பிறகு ஒரு பத்திரிகையாளன் அதை வெளியிட வாங்கிப் போகிறான். ஆக உலகத்துக்குக் கிடைக்கப்போவது பதினேழு பக்கக் கருணை மட்டும்.

நான்கைந்து முறை படித்தும் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். எல்லாரும் கடைசிப் பொய்யைப் பற்றித்தான் பேசுவார்கள், அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய்யை. அதற்கு முன்னாலேயே மார்லோ ஒரு ஆவணத்தைத் திருத்தியிருக்கிறான். கதையின் மையம் காலியாக இருக்கிறது என்றேனே, அது சும்மா காலியாக இல்லை. யாரோ கையால் கிழித்தெடுத்திருக்கிறார்கள். கிழித்தவனேதான் படகில் உட்கார்ந்து நான் கிழித்தேன் என்று நமக்குச் சொல்லவும் செய்கிறான்.

இனி வரலாறு. காங்கோ சுதந்திர அரசு என்பது 1885 முதல் 1908 வரை பெல்ஜிய நாட்டின் குடியேற்றம்கூட அல்ல, மன்னர் இரண்டாம் லியோபோல்டின் சொந்தச் சொத்து. கான்ராட் பார்த்தது தொடக்கத்தை. அப்போது தந்தம்தான் பெரிய வரும்படி. நாவலிலும் வணிகம் என்றால் தந்தம்தான். ஆனால் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். முதலில் சைக்கிள், பிறகு கார். உலகத்துக்கு ரப்பர் வேண்டியிருந்தது. காங்கோ காட்டில் ரப்பர் கொடிகள் தானாக வளர்ந்து கிடந்தன. 1891 முதல் லியோபோல்டின் அரசு காட்டு விளைச்சலைத் தனதாக்கிக்கொண்டது. ஒவ்வொரு ஊரும் இவ்வளவு ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று அளவு நிர்ணயித்தது. கொண்டுவராத ஊருக்குப் படை போனது.

படைவீரர்களுக்குத் தோட்டா எண்ணித் தரப்பட்டது. வேட்டையில் வீணாக்கக் கூடாது என்பதற்காக, சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் சாட்சியாக ஒரு வலது கையைக் கொண்டுவர வேண்டும். வேட்டைக்குச் சுட்டவர்கள் கணக்கை நேர்செய்ய உயிரோடிருந்தவர்களின் கையை வெட்டினார்கள். அதிகாரி வரும்வரை கெடாமலிருக்கக் கைகளைப் புகை போட்டு வைத்தார்கள். சார் கேட்டது இதைத்தான்.

இதை எழுதும்போது எனக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. குறி, குறிப்பீடு, இடப்பெயர்ச்சி என்று கோட்பாட்டுச் சொற்களை இந்த இடத்தில் அழகாக வைக்கலாம். கை என்பது தோட்டாவின் குறி. குறிக்கு அது குறிக்கும் பொருள் இருக்க வேண்டிய அவசியமில்லை, குறிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவதே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கைகள் வெறும் வெறியால் வெட்டப்படவில்லை, ஒரு கணக்குப் பேரேட்டுக்காக வெட்டப்பட்டன. நாவலில் கர்ட்ஸின் குற்றம், தனி ஒரு மனிதன் காட்டில் கட்டவிழ்ந்து போனதாக எழுதப்பட்டிருக்கிறது. பேரேட்டில் அப்படித் தனி மனிதன் யாரும் இல்லை.

அந்தப் பேரேட்டைப் படித்தவர் ஒருவர் இருந்தார். எட்மண்ட் மொரெல், லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றின் குமாஸ்தா. காங்கோவுக்கும் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் இடையே ஓடிய கப்பல்கள் அந்தக் கம்பெனியுடையவை. 1890களின் கடைசியில் வேலை விஷயமாக அடிக்கடி ஆண்ட்வெர்ப் போவார். வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. போகும் கப்பலில் பெரும்பாலும் துப்பாக்கி, தோட்டா. வணிகப் பொருள் என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம். வெளியிடப்பட்ட வணிகக் கணக்கும் அவர் கையிலிருந்த கப்பல் கணக்கும் ஒத்துப்போகவில்லை. இவ்வளவு வருகிறது, பதிலுக்கு எதுவும் போகவில்லை, அப்படியானால் ரப்பர் எடுப்பவனுக்குக் கூலி கிடையாது, கூலி இல்லாமல் எவனும் இவ்வளவு வேலை செய்ய மாட்டான், ஆகவே அங்கே அடிமை உழைப்பு நடக்கிறது. காங்கோவில் கால் வைக்காமலேயே இந்த முடிவுக்கு வந்தார். 1901இல் வேலையை விட்டார். 1904இல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார்.

எனக்கு இதுவே உண்மையான கட்டுடைப்பு வாசிப்பு என்று தோன்றுகிறது. பிரதியில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட எது எழுதப்படவில்லை என்று பார்த்தார். இல்லாத சரக்கின் தடத்தைப் படித்தார். தெரிதா பிறக்க இன்னும் முப்பது ஆண்டு இருந்தது. இன்னொன்று, மார்லோ துணியும் மணியும் பித்தளைக் கம்பியும் உள்ளே போய்க்கொண்டிருந்ததாகச் சொல்கிறான், மலிவுச் சரக்கானாலும் ஏதோ பண்டமாற்று நடப்பதாக. மொரெலின் கணக்கு அந்த வாக்கியத்தை அடித்துவிடுகிறது.

மத்தாடியில் 1890இல் கான்ராட்டோடு தங்கியிருந்தவர் ரோஜர் கேஸ்மெண்ட். பின்னால் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியானார். 1903இல் ரப்பர் எடுக்கும் பகுதிகளுக்குப் போய் ஊர் ஊராக வாக்குமூலம் வாங்கினார். அறிக்கை 1904இல் வெளியானபோது வெளியுறவு அலுவலகம் அதில் ஆட்களின் பெயரையும் ஊர்களின் பெயரையும் எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளைப் போட்டது. கேஸ்மெண்ட் கொதித்துப்போனார். வாக்குமூலம் கொடுத்தவருக்கும் பெயர் இல்லை, வெட்டியவனுக்கும் பெயர் இல்லை. நாவலை எடுத்துப் பாருங்கள். அதிலும் காங்கோ என்ற பெயர் ஒரு இடத்திலும் வராது. ஆப்பிரிக்கர் ஒருவருக்குக்கூடப் பெயர் கிடையாது.

1908இல் லியோபோல்ட் காங்கோவைப் பெல்ஜியத்திடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. அதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் காங்கோ அரசின் ஆவணங்கள் எட்டு நாள் எரிந்தன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் ஒற்றுமை இல்லை. கோடி என்ற மதிப்பீடும் உண்டு, குறைவான மதிப்பீடுகளும் உண்டு. முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அங்கே தொடங்கியதே 1920களில்தான். தெரிதா சாம்பலைப் பற்றி ஒரு சிறு புத்தகமே எழுதியிருக்கிறார். எரிந்தது எது என்று காட்டாமலேயே, ஏதோ எரிந்தது என்று மட்டும் சொல்லும் தடம் அது. பிரஸ்ஸல்ஸ் உலையை மனதில் வைத்து அவர் எழுதவில்லை. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

கோட்பாட்டுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது, அதுவும் ஆண்ட்வெர்ப் வழியாகவே போகிறது. அமெரிக்காவில் கட்டுடைப்பை இலக்கியத் துறைகளுக்குள் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் யேல் பல்கலைக்கழகத்தின் பால் தெ மான். 1919இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தவர். 1983இல் இறந்தார். 1987இல் ஒரு பெல்ஜிய ஆய்வு மாணவர் பழைய செய்தித்தாள்களில் தேடியபோது, 1940 முதல் 1942 வரை, நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் தெ மான் எழுதிய கட்டுரைகள் அகப்பட்டன. கிட்டத்தட்ட 200. அவற்றில் 1941 மார்ச்சில் வந்த ஒன்று, யூதர்களை ஐரோப்பாவுக்கு வெளியே ஒரு குடியேற்றத்தில் வைத்துவிட்டால் ஐரோப்பிய இலக்கியத்துக்குப் பெரிய நட்டம் இல்லை என்கிறது. அமெரிக்க வாழ்க்கை முழுக்க அவர் இதைப் பற்றி வெளிப்படையாக எழுதவில்லை. இவரும் தன் பின்குறிப்பைக் கிழித்துவிட்டுத்தான் அறிக்கையை நம்மிடம் கொடுத்திருக்கிறார்.

செய்தி வந்ததும் எதிரிகளுக்குக் கொண்டாட்டம். அர்த்தம் நிலையில்லாதது என்று ஏன் சொன்னார்கள் என்று இப்போது தெரிகிறது பார் என்றார்கள். அது மலிவான வாதம். ஒருவர் செய்த குற்றத்தால் ஒரு வாசிப்பு முறை பொய்யாகிவிடாது. ஆனால் தெ மானின் நண்பரான தெரிதா 1988இல் எழுதிய நீண்ட கட்டுரையும் எனக்குத் திருப்தி தரவில்லை. தெ மானின் எழுத்தில் தெரியும் கொடுமையை அவர் மறைக்கவில்லை, கண்டிக்கிறார். ஆனால் அதே வாக்கியங்களுக்குள் வேறொரு பொருளும் ஒளிந்திருக்கலாம் என்று தேடித் தேடிப் பார்க்கிறார். பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன் இதைப் படித்திருந்தால் என்ன நினைத்திருப்பான்?

நான் குழுவில் பேசியதும் அந்த வகைதான் என்று இப்போது தெரிகிறது. யேல் குழுவைச் சேர்ந்த ஹில்லிஸ் மில்லர் 1980களில் இந்த நாவலைப் பற்றி எழுதிய கட்டுரை ஒன்றின் மேல்தான் என் நாற்பது நிமிடமும் நின்றது. நாவல் ஒரு திரையை விலக்குவதாக வாக்குக் கொடுக்கிறது, விலக்கினால் இன்னொரு திரை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்பது அவர் வாசிப்பு. அருமையான கட்டுரை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் திரைகளுக்கு நடுவில் காங்கோ எங்கேயோ காணாமல் போய்விடுகிறது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1975இல், சினுவா அச்செபே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கான்ராட்டை இனவாதி என்று சொல்லிப் பேசியிருந்தார். ஒரு ஐரோப்பிய மனம் சிதைவதைக் காட்ட ஒரு கண்டத்தையே மேடைத் திரையாக மாற்றிவிட்டார் என்றார். ஆப்பிரிக்கர்கள் வாய் திறந்து பேசுவது நாவலில் இரண்டே இடம் என்றும் எண்ணிக் காட்டினார். அவர் கோட்பாட்டாளர் இல்லை. ஆனால் மொரெல் போல எண்ணினார். கான்ராட் இனவாதி என்ற அவர் தீர்ப்பை நான் முழுக்க ஏற்கவில்லை. ரஷ்ய ஓரக்குறிப்பும் கிழிந்த காகிதமும் மார்லோவை விட்டுக் கான்ராட்டைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகின்றன. ஆனால் அச்செபே எண்ணிய எண்ணிக்கையை யாராலும் மறுக்க முடியாது.

சரி, இதையெல்லாம் இங்கே உட்கார்ந்து ஏன் எழுதுகிறேன். காட்டு ரப்பருக்கு மாற்று இங்கிருந்துதான் போனது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகள், 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் தொடங்கிய முதல் வணிகத் தோட்டம், பிறகு வரிசை வரிசையாகத் தோட்டங்கள். முதல் உலகப் போர் தொடங்கும் நேரத்தில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. காங்கோவில் கொடி வெட்டுவது நின்றதற்கு மொரெலும் கேஸ்மெண்டும் ஒரு காரணம், மலாயாவில் மலிவாகக் கிடைத்த கூலி இன்னொரு காரணம். காங்கோவில் தொழில் பழகிய பெல்ஜியர் ஏட்ரியன் ஹாலே பிறகு சுமத்ராவுக்கும் மலாயாவுக்கும் வந்து தோட்டங்கள் போட்டார். ஆட்களும் பணமும் ஒரே ஆற்றில்தான் ஓடியிருக்கின்றன.

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கே கையை வெட்டவில்லை. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் அது பொய், காங்கோவில் செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதையும்கூட. ஆனால் பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைகளில் பாதி பிரட்டும் கிராணியின் செக்ரோலும்தான். பெயர் விழுந்ததா, அரைநாளாகப் போட்டானா, பாலில் தண்ணி என்று கழித்தானா. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குத் தன் பெயர் அந்தப் புத்தகத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் தெரியும். நான் வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வரும் ஆயிரக்கணக்கான பீங்கான் கை அச்சுகள் பால் தொட்டியில் முங்கி எழுவதைத் தினமும் பார்க்கிறேன். இப்போது பெரும்பாலும் நைட்ரில்தான், ரப்பர்ப் பால் குறைந்துவிட்டது. அந்தக் கைகளைப் பார்த்து எனக்கு இதுவரை எதுவும் தோன்றியதில்லை. சார் கேட்ட பிறகு ஒரு வாரம் தோன்றியது, பிறகு பழகிவிட்டது.

கட்டுரையின் முதல் வடிவத்தைச் சாரிடம் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்து படித்தார், எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். மொரெல் பகுதி நன்றாக இருப்பதாகச் சொன்னார், தெ மான் பகுதி நீளம் என்றார். பிறகு மறுபடியும் கிழிந்த காகிதத்துக்கே வந்தார்.

"அந்தத் துண்டை அவன் என்ன பண்ணான்? எரிச்சானா, பைக்குள்ள வச்சிருந்தானா?"

மறுபடியும் நாவலை எடுத்துப் பார்த்தேன். மார்லோ கிழித்ததைச் சொல்கிறான். கிழித்த துண்டு எங்கே போனது என்று ஒரு சொல்கூட இல்லை.